அந்தக் கேமராவைக் கொஞ்சம் துடைத்துத் தாருங்கள்

பழைய பிரிட்டிஷ் படங்களைப் பாதுகாத்து, தூசி தட்டி வெளியிடுகிறவர்களுக்கு வணக்கம்.

1933-ல் வந்த 'தி கோஸ்ட் கேமரா'வைப் பற்றித்தான் இந்த மடல். போன வாரம் ராத்திரி இரண்டாவது தடவையாகப் பார்த்தேன், இல்லை, பாதியைப் பார்த்தேன், மீதியை ஊகித்துக்கொண்டேன். எனக்குக் கிடைத்த பிரதியில் முகங்களெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கின்றன, வசனத்துக்குப் பின்னால் யாரோ அப்பளம் பொரித்துக்கொண்டே இருக்கிறார்கள். கதாநாயகன் ஹென்றி கெண்டல் சின்ன விஷயத்தைக்கூடச் சுற்றி வளைத்து நீட்டி முழக்குகிற ஆள். சிரிப்பே அந்தப் பேச்சில்தான் இருக்கிறது, அது காதில் விழாவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

இதில் இன்னொரு கொடுமை. யாரோ எறிந்த கேமரா ஒன்று இவருடைய காரில் வந்து விழுகிறது, உரியவரிடம் சேர்க்கலாமே என்று ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் ஒரு கொலை பதிவாகியிருக்கிறது, அந்தப் படம் திருட்டுப்போய்விட, மிச்சமிருக்கும் படங்களைத் துப்பாக வைத்துக்கொண்டு தேடிக் கிளம்புகிறார். புகைப்படத்தை உற்றுப் பார்ப்பதுதான் கதையே. அந்தப் புகைப்படம்தான் எனக்குத் தெரியவே இல்லை!

இது 'கோட்டா' படம், தெரியும். 1927-ல் பிரிட்டனில் போட்ட சட்டத்தால், விநியோகஸ்தர்கள் ஆண்டுதோறும் இத்தனை சதவீதம் பிரிட்டிஷ் படங்களை எடுத்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. ஹாலிவுட் கம்பெனிகள் கணக்குக் காட்டுவதற்காக மலிவுப் படங்களை வாங்கின, ஃபிலிமின் நீளத்தை அளந்து அடிக்கு ஒரு பவுண்டு என்று, துணிக்கடையில் மீட்டர் கணக்கில் கிழித்துக் கொடுப்பது போல. இந்தப் படத்தை எடுத்த ஜூலியஸ் ஹேகனின் ட்விக்கன்ஹாம் ஸ்டூடியோவில் பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று மாற்றி மாற்றிப் படப்பிடிப்பு நடந்தது. அப்படி வந்தவற்றில் நிறைய குப்பை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குப்பையோடு குப்பையாக இதையும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்.

அடுத்த வருத்தம், நீங்கள் இதை அறிமுகப்படுத்தும் விதம். "டேவிட் லீன் எடிட் செய்தது, இளம் ஜான் மில்ஸ் நடித்தது." சரி, உண்மைதான், லீன் பிற்பாடு பெரிய இயக்குநர், மில்ஸ் பெரிய நடிகர். பதினைந்து வயது ஐடா லுப்பினோகூட இருக்கிறார், இருபது வருடம் கழித்து ஹாலிவுட்டில் 'தி ஹிட்ச்-ஹைக்கர்' எடுத்தவர். ஆனால் இயக்குநர் என்று ஒருவர் இருந்தாரே? பெர்னார்ட் வோர்ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து வந்தவர், பிற்பாடு, கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு வேலை தராமல் ஒதுக்கிய ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சிக்கி சினிமாவையே விட்டவர். கையில் இருந்த அற்பக் காசில் என்னென்ன முயன்றிருக்கிறார் என்பது இந்த மங்கல் பிரதியிலேயே தெரிகிறது. அவர் பெயரை முதலில் போடுங்களேன், லீன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 2010-ல் காணாமல்போன 75 படங்களுக்கு ஒரு பட்டியல் போட்டுத் தேடியது நல்ல காரியம், ஹிட்ச்காக்கின் 'தி மவுண்டன் ஈகிள்' என்றைக்காவது கிடைத்தால் நானும் கொண்டாடுவேன். தொலைந்ததைத் தேடுகிற அதே அக்கறையில் கொஞ்சம் கையில் இருப்பதற்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். இருப்பதிலேயே நல்ல பிரதியிலிருந்து படத்தையும் ஒலியையும் சுத்தம் செய்யுங்கள், முடிந்தால் கூடவே வோர்ஹவுஸின் 1935 படம் 'தி லாஸ்ட் ஜர்னி'யையும். ஓய்வு பெறும் நாளில் ரயில் டிரைவர் ஒருவர் புத்தி தடுமாறி வண்டியை நிறுத்தாமல் விரட்டுகிற படம் அது.

அப்புறம், வசனத்தை எழுத்தாகவும் கீழே போடுங்கள். கெண்டல் பேசுவதில் ஒரு வார்த்தையும் எனக்குத் தப்பக் கூடாது.