நந்திக்கடலின் நுண்ணிய தாவரப் பிளாந்தன்களை அளந்தறிந்து முகத்துவாரம் வெட்டும் நாளைத் தீர்மானிக்கக் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கட்கு,
மாவட்டச் செயலகம்,
முல்லைத்தீவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

நந்திக்கடல் நீரேரியில் வீச்சு வலையால் இறாலும் மீனும் பிடித்துச் சீவிக்கும் குடும்பங்கள் சார்பில், விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற நான் இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

மாரியில், நீரேரியில் விழும் பேராறு பெருகும்போது, நீரேரி கடலோடு சேரும் வாயான முகத்துவாரத்தை வட்டுவாகலில் எப்போது வெட்டுவது என்பது, வயலிலும் வீதியிலும் ஏறும் நீர்மட்டத்தைக் கொண்டே பெரும்பாலும் பேசப்படுகிறது. அது நியாயமே; முற்றத்தில் வெள்ளம் நிற்பவரிடம் இறாலைப் பற்றிப் பேச முடியாது. ஆயினும் நீருக்குள்ளேயும் ஒரு கணக்கு உண்டு.

கடலில் பொரித்து முகத்துவாரம் வழியே உள்ளே வரும் இறால் குஞ்சு நீரேரியில் வளர்வதற்கான தீனியின் அடித்தளத்தில் பெரும் பங்கு, கண்ணுக்குத் தெரியாமல் நீரில் மிதக்கும் நுண்தாவரங்களான தாவரப் பிளாந்தன்களுடையது. பேராற்று நீர் வயற்பசளையின் நைத்திரேற்றையும் பொசுபேற்றையும், மண்ணின் சிலிக்காவையும் கொண்டுவரும்போது, சிலிக்கா ஓடுள்ள தாவரப் பிளாந்தன்களான தயற்றங்கள் பெருகுகின்றன. அவற்றை, நீரில் மிதக்கும் நுண்விலங்குகளான விலங்குப் பிளாந்தன்கள் நேரே உண்கின்றன. முகத்துவாரம் அடைபட்டு, நீர் சூடேறி, சத்துக் குறைந்து கிடக்கும் கோடையில் மேலோங்கக்கூடியவை வேறு. அவை 2 மைக்குரோமீற்றருக்கு மேற்படாத, அதாவது ஒரு மில்லிமீற்றரை 500 கூறாக்கினால் ஒரு கூறுக்குள் அடங்கிவிடும் சயனோபற்றீரியாக்களும் அவையொத்த அல்காக்களும் ஆகும். உடல் சிறிதென்பதால் சத்து மிக ஐதான நீரிலும் அவை பிழைக்கும். ஆனால் அவற்றை முதலில் ஒருகல உயிரிகள் உண்ண வேண்டும், அந்த உயிரிகளைப் பிறகு விலங்குப் பிளாந்தன்கள் உண்ண வேண்டும். படிக்குப் படி சக்தியில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே கடத்தப்படுவதால், நீர் ஒரே பச்சையாகத் தெரிந்தாலும் பறியில் விழுவது ஒரே அளவாக இராது. அதற்காக அவை வேண்டாதவை அல்ல. தயற்றங்கள் மெலியும் மாதங்களில் உணவுச் சங்கிலி அறாமல் காப்பவை அவையே.

முகத்துவாரத்தை ஒரேயடியாக அகல வெட்டினால், பிளாந்தன்கள் பிரிந்து பெருகத் தேவையான சில நாட்கள்கூடத் தங்காமல் நீர் சத்தோடு கடலுக்கு ஓடிவிடும். வெட்டாமல் விட்டால் குஞ்சு உள்ளே வராது.

ஆகவே, நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவினதும் கடற்றொழில் திணைக்களத்தினதும் உதவியுடன், முகத்துவாரம் வெட்டுவதற்கு முன்னும் பின்னும், நீர் வற்றும் ஆவணியிலும், உவர்த்தன்மை, நைத்திரேற்று, பொசுபேற்று, தாவரப் பிளாந்தன்களின் அளவைக் காட்டும் பச்சையம், கரைந்த ஒட்சிசன் ஆகியவற்றை அளக்க ஒழுங்கு செய்து, அம்முடிவுகளையும் வைத்தே வெட்டும் நாளையும் அகலத்தையும் தீர்மானிக்குமாறு வேண்டுகிறேன். பிளாந்தன் வலையை மட்டும் நம்பலாகாது. 20 மைக்குரோமீற்றர்க் கண்ணுள்ள வலையிலும் இச்சிறியவை நழுவிவிடும் என்பதால், நுண்வடிதாளில் வடித்து, பருமன் வாரியாகப் பச்சையத்தை அளக்க வேண்டும். (வலைக்கண்ணின் அளவு பற்றி எமது தொழிலாளர்களுக்கு நான் விளக்கத் தேவையிருக்கவில்லை.)

ஒட்சிசனை விடியுமுன் அளப்பது மிக அவசியம். வெயில் ஏறிய பின் எடுக்கும் நீர், ஒளித்தொகுப்பினால் நிறைவாகவே காட்டும். இரவெல்லாம் பிளாந்தன்களும் பற்றீரியாக்களும் சுவாசித்து முடித்த வேளையில்தான் அது மிகக் குறைகிறது. மீன் மேலே வந்து வாய் பிளப்பதை எம்மவர்கள் காண்பதும் அவ்வேளையில்தான்.

அந்நேரத்தில் நீர் எடுக்க வள்ளமும், கூட வர ஆட்களும் எம்மிடம் உண்டு.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
நந்திக்கடல் கரையோரத் தொழிலாளர் குடும்பங்கள் சார்பில்.

பிரதி: பிரதேச செயலாளர், கரைதுறைப்பற்று.