முனியாண்டி கோயிலும் டைலரின் ஏணியும்: பயான் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் சுங்கை பட்டாணி பக்கம், நம் தோட்டப் பட்டணத்துச் சூராவில் (சிறு தொழுகைக்கூடத்தில்) தமிழ் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) ஏற்பாடு செய்யும் பெரியவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன வாரம் இஷா தொழுகைக்குப் பிறகு பேசியவர், மதத்தை மனிதனே உண்டாக்கினான் என்னும் மேல்நாட்டு ஆராய்ச்சியாளர்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். சரி, அது அவர் வேலை. ஆனால் அடுத்த மூச்சிலேயே செம்பனை ஓரத்து முனியாண்டி கோயிலை இழுத்து, "காட்டுமிராண்டிக் காலத்து மிச்சம்" என்றார். பால்மரம் சீவியவர்கள் நட்ட சூலத்தையும் படைக்கும் சுருட்டையும் சொல்லச் சொல்ல, பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர் திட்டிய ஆட்களின் வாதமேதான் இது. முதலில் ஆவி நம்பிக்கை, அப்புறம் பல தெய்வம், கடைசியில் ஒரே இறைவன் என்று 1871-இல் ஏணி போட்டவர் ஆங்கிலேய மானிடவியலாளர் எட்வர்ட் டைலர். அந்த ஏணியின் உச்சியில் நின்றுகொண்டுதான் நம்மவர் கீழே பார்த்துச் சிரிக்கிறார்.

குர்ஆன் சொல்வது நேர் எதிர். மனிதர்கள் ஒரே சமுதாயமாக இருந்து, பிறகுதான் வேறுபட்டார்கள் (10:19). சிலைகள் எப்படி வந்தன? நூஹ் நபியின் மக்கள் வணங்கிய ஐந்து பெயர்கள் 71:23-இல் உள்ளன. அந்த ஐவரும் நல்லடியார்கள் என்கிறார் நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி), புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அவர்கள் இறந்ததும், அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களில் ஷைத்தானின் தூண்டுதலால் மக்கள் சிலை நட்டார்கள். அப்போது யாரும் வணங்கவில்லை. அந்தத் தலைமுறை போய், விவரம் மறந்த பிறகுதான் வணக்கம் தொடங்கியது. பாசத்தில் ஆரம்பித்து மறதியில் முடிந்த கதை இது; முட்டாள்தனம் எங்கே வந்தது? கப்ருக்கு (அடக்கத்தலத்துக்கு) போர்வை போர்த்தும் நம் ஆட்களுக்கும் இது பொருந்தும். அதைப் பேசினால் பாதி சஃப் (தொழுகை வரிசை) காலியாகிவிடும் என்பது வேறு விஷயம்.

ஆதிமக்களிடம் ஒரே இறை நம்பிக்கை இருந்தது என்று 1912 முதல் 12 பாகம் எழுதிய பாதிரியார் வில்ஹெல்ம் ஷ்மிட்டையும் பேச்சாளர் துணைக்கு அழைத்தார். மானிடவியலாளர்கள் பெரும்பாலும் அவரை ஏற்கவில்லை. நம் ஈமானுக்கு (இறைநம்பிக்கைக்கு) அந்த முட்டு தேவையும் இல்லை.

முஸ்லிம் அறிஞர் அல்பிரூனியைப் படிக்கலாமே. சமஸ்கிருதம் கற்று, 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதியவர். சிலை வணக்கம் பாமரருக்கானது, கற்ற இந்துக்கள் ஒரே இறைவனை நம்புகிறார்கள் என்றார். கஅபாவின் படத்தைக் காட்டினால் நம் பாமரரும் முத்தமிட்டு, கன்னத்தைத் தேய்த்து, மண்ணில் புரள்வார்கள் என்றும் எழுதினார்.

அடுத்த மாத வகுப்பில் அல்பிரூனி இதை எழுதிய அத்தியாயத்தைத் தமிழில் சொல்ல நான் தயார். பிறர் அழைக்கும் தெய்வங்களை ஏசாதீர்கள் என்னும் 6:108-ஐ அந்தப் பேச்சாளரே விளக்கட்டும். தேத்தண்ணி செலவு என்னுடையது.

இப்படிக்கு,
பின் சஃப்பில் உட்காருபவன்