எங்கட சங்கத்தின்ர ஆண்டறிக்கை (இந்த முறை ஸ்லைட் கதை கொஞ்சம் கூட)

தலைவர் அவர்களுக்கும் போஷகர் சேருக்கும் வந்திருக்கிற அங்கத்தவர் எல்லாருக்கும் வணக்கம். போன பொதுக்கூட்டத்தில அறிக்கை வாசிச்சு முடியப் பின்வாங்கில இருந்த ஒரு அண்ணை "கூடினது, தேத்தண்ணி குடிச்சது, கலைஞ்சது, வேற ஒண்டும் நடக்கேல்லையோ" எண்டு கேட்டவர், அதால கூட்ட விபரத்தை முதலே சொல்லி முடிச்சிடுறன். போயா லீவுகளில வழக்கம்போல கூடினம், நல்லூர்த் திருவிழாவுக்கும் மாரி மழைக்கும் விட்டது போக மிச்சம் ஒழுங்கா நடந்தது. இனி வேலைக் கதை.

இந்த வருசம் முழுக்க ஸ்லைட்தான். உயர்தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிற எங்கட அங்கத்தவர் ரீச்சர் ஒராள்தான் துவக்கி வச்சவ. வீட்டில பவர்பொயின்ற்றில செய்து கொண்டுபோற ஸ்லைட் பள்ளிக்கூடக் கொம்பியூற்றரில திறந்த உடன எழுத்துரு மாறி, வரி தள்ளுப்பட்டு, சமன்பாடு ஒருபக்கம் சரிஞ்சு நிக்குது, ஒவ்வொரு கிழமையும் உதைத் திருத்திக்கொண்டிருக்க ஏலாது எண்டா. பிடிஎவ் ஆக்கிக் கொண்டுபோங்கோ எண்டு ஒராள் சொல்ல, அப்ப நிறுவலை வரிவரியா எப்பிடிக் காட்டுறது எண்டு திருப்பிக் கேட்டா. அந்தக் கேள்விக்கு மறுமொழி தேடப் போய்த்தான் லேரெக் எண்ட அச்சுக்கோப்பு மென்பொருளுக்கும் அதின்ர பீமர் வகுப்புக்கும் (வகுப்பு எண்டது இஞ்ச பள்ளிக்கூட வகுப்பில்லை, ஸ்லைட்டுக்கெண்டு ஆயத்தமா இருக்கிற கட்டளைத் தொகுதி) வந்து சேர்ந்தம்.

தெரியாத ஆக்களுக்கு: இதில ஸ்லைட்டை மவுசால இழுத்து இழுத்துச் செய்யிறேல்லை. சாதாரண எழுத்துக் கோப்பில இது தலைப்பு, இது ஒரு ஃபிரேம் (ஒரு ஸ்லைட்டுக்குரிய சட்டகம்), இது தேற்றம், இஞ்ச நிண்டு போ எண்டு கட்டளை போட்டு எழுதிறது, எழுத்தின்ர அளவு, இடைவெளி, நிறம் எல்லாத்தையும் மக்றோ, அதாவது முதலே எழுதி வச்ச கட்டளைக் கூட்டம், பாத்துக்கொள்ளும். பீமரை 2003இல ரில் ரன்ராவ் எண்டவர் தன்ர கலாநிதிப் பட்ட வாய்மொழித் தேர்வுக்காகச் செய்தவர், பேந்து உலகத்துக்கே பொதுவாப் போச்சு. அதுக்கு முதல் செமினார், ஃபொயில்ரெக், புரொஸ்பர் எண்டு கனக்க இருந்தது, அதுகளுக்குள்ள நாங்கள் இறங்கேல்லை.

ஆனா எல்லாத்துக்கும் முந்தினது ஒண்டை எங்கட போஷகர் சேர் பிஸ்கற் ரின்னில வச்சிருந்தவர். அவர் வெளிநாட்டில மேற்படிப்புப் படிச்ச காலத்து ட்ரான்ஸ்பேரன்சி, அதாவது வெளிச்சம் ஊடுருவிற பிளாஸ்ரிக் தாள்க் கட்டு. லேரெக்கைச் செய்த லெஸ்லி லாம்போர்ட் பழைய லேரெக்கோட குடுத்த ஸ்லிரெக் எண்ட ஸ்லைட் புரோகிராமில செய்தது. ஈரத்துக்கு ஓரம் ஒட்டிப்போய் இருந்ததை மெதுவா உரிச்சு ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தம். ஒரு தாளில கறுப்பில வளையியும் அச்சுகளும் நாலு வரி எழுத்தும், மூண்டாவது வரியில நடுவில ஒரு சொல்லளவு வெறுமை. மற்றத் தாளில ஒரு தொடுகோடும் அந்த ஒரு சொல்லும் மட்டும், மிச்சம் எல்லாம் கண்ணாடிமாதிரி. ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சா சொல் அந்த வெறுமைக்குள்ள மயிரிழை பிசகாமல் போய் இருக்குது. ஏனெண்டால் ரெண்டு தாளிலயும் முழுப் பந்தியும்தான் அச்சுக்கோத்திருக்கு, காட்டக்கூடாத பகுதிக்கு மை விழேல்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்தில ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் தாள் கறுப்பு வெள்ளையில எடுத்து, நிறத் தாளில கொப்பி பண்ணி, ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கித்தான் ஓஎச்பியில (அந்தத் தாளைச் சுவரில பெருப்பிச்சுக் காட்டிற பழைய புரொஜெக்ரர்) போட்டவை. 1994இல புது லேரெக் வரேக்க ஸ்லிரெக் தனி புரோகிராமா இல்லாமல் ஸ்லைட்ஸ் எண்ட ஒரு சாதாரண வகுப்பாப் போச்சு.

இதை ஏன் இவ்வளவு நீட்டுறன் எண்டால், எங்கட பெடியளுக்குப் பீமரில மாதக்கணக்கா விளங்காமல் கிடந்த ஒரு சங்கதி அண்டைக்குத்தான் விளங்கினது. பாஸ், அன்கவர் எண்ட கட்டளையள் மறைச்சு வச்ச வரிக்கும் இடத்தைப் பிடிச்சு வைக்கும், ஒன்லி எண்டது பிடிச்சு வைக்காது. அதாலதான் ஒன்லி போட்ட ஸ்லைட் அடுத்த வரி வர மேலயும் கீழயும் துள்ளிறது. சேரின்ர ரெண்டு தாளையும் கையில வச்சிருந்த பல்கலைக்கழகப் பிள்ளை ஒண்டு "அப்ப அன்கவர் எண்டது இந்த வெறுமைதான் என்ன" எண்டு கேட்டிது, அதுக்குப் பிறகு அந்தப் பாடத்தை ஒருத்தரும் திருப்பி எடுக்க வேண்டி வரேல்லை.

இனித் தமிழ்ப் பிரச்சினை, எங்களுக்கு இதுதான் கூட நேரம் எடுத்தது. இணையத்தில கிடக்கிற பாடம் கனக்க லேரெக் கோப்பைப் பிடிஎவ் ஆக்கிற பிடிஎவ்லேரெக் எண்ட புரோகிராமை வச்சுத்தான், அது யூனிகோட் தமிழுக்குச் சரிவராது. அதுக்குப் பதிலா சீலேரெக் அல்லது லுவாலேரெக் பாவிக்க வேணும், எழுத்துருவைக் கூப்பிடேக்க ஸ்கிரிப்ற் தமிழ் எண்டும் சொல்ல வேணும், லுவாலேரெக் எண்டால் எழுத்தை ஒழுங்காக் கோக்கிற ஹார்ஃப்பஸ் ரெண்டரரையும் கேக்க வேணும். இல்லாட்டில் "கொடி" எண்டு அடிச்சா கானாவுக்கு முன்னால நிக்க வேண்டிய கொம்பு பின்னால போய் நிண்டு, பாக்கவே வயித்தெரிச்சல். அதைச் சரிக்கட்டினாப் பிறகும் ஸ்லைட்டில ஒரு தமிழ் எழுத்தும் வராமல் வெறும் வெள்ளையா இருக்குது எண்டு வந்தவை கனபேர். பீமர் வழமையாச் செரிஃப் (எழுத்து நுனியில வாற சின்னக் கோடு) இல்லாத சான்ஸ் எழுத்துருவைத்தான் எடுக்கும், நாங்கள் மெயின் ஃபொன்ற்றை மட்டும் தமிழுக்கு மாத்திப்போட்டு இருந்தால் அதை அது திரும்பியும் பாக்காது, சான்ஸ் ஃபொன்ற்றையும் சேத்து மாத்த வேணும். பொலிகுளோசியா எண்ட பலமொழிப் பொதியைப் பாவிக்கிற ஆக்கள் தமிழுக்கெண்டு தனியா ரெண்டு எழுத்துருக் குடும்பம் குடுக்க வேணும். இதெல்லாத்தையும் ஒரு முன்னோட்டக் கோப்பில (ஸ்லைட் எழுதத் துவங்க முதல் வாற அமைப்புக் கட்டளையள்) எழுதி எல்லாருக்கும் குடுத்திட்டம், எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். ஆரும் அந்தக் கோப்பின்ர முதல் பதினைஞ்சு வரியில கை வைக்காதேங்கோ எண்டு இந்தச் சபையில திரும்பவும் கேட்டுக்கொள்ளுறன்.

பிறகு அளவு. பீமர் ஸ்லைட் வழமையா 128 மில்லிமீற்றர் அகலம், 96 மில்லிமீற்றர் உயரம், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். எழுத்து 11 புள்ளி. அந்தச் சின்னத் தாளைச் சுவரளவுக்குப் பெருப்பிக்கிறபடியாத்தான் கடைசி வாங்கில இருக்கிற பிள்ளைக்கும் தெரியுது. தமிழ்ச் சொல் நீளம், "மின்காந்தத்தூண்டல்" எண்டு ஒட்டி அடிச்சா வரிக்குள்ள அடங்காமல் ஓரத்துக்கு வெளியால ஓடும், "மின்காந்தத் தூண்டல்" எண்டு பிரிச்சு எழுதினால் முக்கால்வாசிப் பிரச்சினை அந்த இடத்திலயே முடிஞ்சு போகும். ஆனா சிலபேர் பாடப்புத்தகப் பக்கத்தை அப்பிடியே ஸ்லைட்டில கொட்டிப்போட்டு, கொள்ளேல்லை எண்டு எழுத்தைச் சிறுப்பிக்கிற ஷ்ரிங்க் எண்ட தெரிவைப் போட்டு நசுக்கினவை. பீமர் கைநூலிலயே அதைச் செய்யாதேங்கோ எண்டு கடுமையாத்தான் எழுதியிருக்கு, ஸ்லைட்டுக்கு ஸ்லைட் எழுத்தளவு மாறிறது அச்சுக்கலைக்கே கெட்ட கனவு எண்டு. ஒரு ஃபிரேமுக்கு 20இல இருந்து 40 சொல்லு, மிஞ்சிப்போனால் 80 எண்டதும் அதிலதான் கிடக்கு. தமிழுக்கு அதுவும் கூட எண்டது என்ர அபிப்பிராயம், எங்கட ஒரு சொல்லுக்குள்ள ஆங்கிலத்தின்ர ரெண்டு மூண்டு சொல்லு இருக்கும், 25 சொல்லோட நிப்பாட்டுங்கோ.

கடதாசிச் செலவு பற்றிப் பொருளாளர் கட்டாயம் எழுதச் சொன்னவர். ஏழு இடத்தில பாஸ் போட்ட ஒரு நிறுவல் பிடிஎவ்வில எட்டுப் பக்கமா வரும், ஒரு மாஸ்ரர் அதை அப்பிடியே போட்டோக்கொப்பிக் கடையில குடுத்து வகுப்புக்கு எல்லாம் அடிச்சுப்போட்டார். 2022இல கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில தவணைப் பரீட்சையளையே பின்போட்ட நாடு இது. கோப்பின்ர முதல் வரியில ஹாண்டவுட் எண்டு ஒரு சொல்லுச் சேத்தால் எட்டும் ஒண்டாகும், கன பக்கத்தை ஒரு தாளில அடுக்கிற பிஜிஎவ்பேஜஸ் பொதியைக் கூட்டினால் ஏநாலுத் தாளில நாலு ஸ்லைட் அடங்கும். இப்பவும் ட்ரான்ஸ்பேரன்சியில அடிக்கிற ஆக்களுக்கு ட்ரான்ஸ் எண்டும் ஒரு தெரிவு இருக்கு, சேர் அதைக் கண்டுபோட்டு வலு சந்தோசப்பட்டவர்.

எங்களுக்குள்ள ஒரு எதிர்க்கட்சியும் உண்டு. லேரெக் எல்லாம் சேந்து வாற ரெக் லைவ் தொகுப்பை முழுசாப் போட்டால் பல ஜிபி பிடிக்கும், என்ர பழைய மடிக்கணினிக்கு உது சுமை எண்டு ஒரு தம்பி குரொஃப் எண்ட வேற அச்சுக்கோப்பு மென்பொருளிலயும் அதின்ர மொம் மக்றோவிலயும் ஸ்லைட் செய்து காட்டினவர், சின்னச் சாமான், கண்மூடித் திறக்கப் பிடிஎவ் வருது, பாக்கவும் வடிவு. ஆனா தமிழ் எழுத்தை அது ஒழுங்காக் கோக்காது, அதால ஆங்கில ஸ்லைட்டுக்கு மட்டும் வச்சிருக்கிறார். வாக்குவாதம் இன்னும் முடியேல்லை.

வெளியில செய்த கருத்தரங்கு பற்றியும் சொல்ல வேணும். ஒரு மண்டபத்தில புது அகலப் புரொஜெக்ரர் இருக்கு எண்டு ரெண்டு தரம் ரெலிபோனில உறுதி தந்தவை, போய்ப் பாத்தால் சதுரமாக் காட்டிற பழசு, அதுவும் வயர் ஆட்டினால் நீலமாப் போகும். எல்லா ஸ்லைட்டும் 16க்கு 9 விகிதத்தில செய்து கொண்டுபோனது. ரீச்சர் பதறேல்லை, அகல விகிதம் 169 எண்டு இருந்ததை 43 எண்டு மாத்தி ரெண்டு தரம் ஓடவிட்டா, வரியெல்லாம் தானா மடிஞ்சு புதுப் பிடிஎவ் வந்திட்டுது, ரெண்டு படம் மட்டும் கொஞ்சம் பெருசா நிண்டது. வயரைப் பெடியன் ஒராள் கடைசிவரைக்கும் பிடிச்சுக்கொண்டு நிண்டவர், அவருக்குச் சங்கத்தின்ர நன்றி.

வாற வருசத்துக்கு ரெண்டு வேலை வச்சிருக்கிறம். தேற்றம், நிறுவல், வரைவிலக்கணம், உதாரணம் எண்ட தலைப்புகள் எங்கட பாடப்புத்தகச் சொல்லிலயே தானா வாறமாதிரி முன்னோட்டக் கோப்பைத் திருத்திறது ஒண்டு. பௌதிகம், இரசாயனம் படிப்பிக்கிற ஆக்களைச் சேக்கிறது மற்றது, இரசாயனச் சமன்பாட்டுக்கு ஒராள் கட்டாயம் வேணும், விருப்பமானவை கூட்டம் முடிய என்னட்டைப் பேர் தாங்கோ. புரொஜெக்ரருக்குப் புது பல்ப் வாங்கிறதோ, காசு சேத்து வேற புரொஜெக்ரரே எடுக்கிறதோ எண்டதைச் சபைதான் தீர்மானிக்க வேணும், இனிப் பொருளாளர் கணக்கை வாசிப்பார்.