எந்தப் படத்துப் பாட்டு?

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதையே மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பேச்சில் சட்டென்று பதில் வராது, உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் அந்தக் கல்லூரி விழாவில் உங்கள் பேண்ட் நாலாவது பாட்டை எடுத்தபோது முன்வரிசையிலிருந்து ஒரு பையன் "இது எந்தப் படம்?" என்று கேட்டான் என்றாய். படம் இல்லை, எங்கள் சொந்தப் பாட்டு என்று நீ சொன்னதும், "அப்போ தெரிஞ்ச பாட்டு ஏதாவது போடுங்க" என்று கூட்டமே கத்தியது என்றாய். இப்போது கிட்டார் வாசிக்கிறவனும் டிரம்ஸ் வாசிக்கிறவனும் சொந்தப் பாட்டை விட்டுவிடலாம், கல்யாண ரிசப்ஷனில் கவர், அதாவது மற்றவர்களின் ஹிட் பாட்டு, வாசித்தால் நல்ல காசு என்கிறார்கள். நீ அழவில்லை. ஆனால் குரல் உள்ளே போயிருந்தது.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1985, 86 வாக்கில் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து நான் மெல்லிசைக் குழுவில் ட்ரிபிள் காங்கோ வாசித்தது உனக்குத் தெரியும். ஆடி மாசம் என்றால் பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் என்று கூழ் ஊற்றும் கோயிலெல்லாம் எங்கள் மேடைதான். எங்களுக்கு அளவுகோல் ஒன்றே ஒன்று: ரெக்கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே வர வேண்டும். கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு ராத்திரி ரெண்டு மணி வரை பி.ஜி.எம் எழுதுவோம். ஒரு வயலின் துணுக்கு பிசகாமல் வந்துவிட்டால் ஜனம் விசிலடிக்கும். அதில் குறைவான உழைப்பு இல்லை. இன்றைக்கும் அந்த வேலையை நான் மதிக்கிறேன்.

எங்கள் குழுவில் பாடிய ஒருவர் சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டு வைத்திருந்தார். பேசின் பிரிட்ஜ் பக்கம் கூலி வேலைக்குப் போன தன் அம்மாவைப் பற்றிய பாட்டு. ஒரு திருவிழாவில் தைரியமாக எடுத்தோம். முதல் சரணம் பாதியில் கூட்டம் கத்தியது, உங்களுக்குக் கத்திய அதே வார்த்தைகள்தான். நாங்கள் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு ஹிட் பாட்டுக்குத் தாவினோம். தாளத்தை முதலில் மாற்றியது என் கைதான். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்தப் பாட்டை அவர் எடுக்கவே இல்லை. இப்போது அவரும் இல்லை. யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. எனக்குப் பல்லவி மட்டும் நினைவிருக்கிறது, சரணம் போய்விட்டது.

நம் ஊரில் சினிமா எல்லோரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சின்ன வயதில் ஏ.ஆர். ரகுமானும் டிரம்ஸ் சிவமணியும் ரூட்ஸ் என்ற பேண்டில் வாசித்தவர்கள். நெமிசிஸ் அவென்யூ என்று ரகுமானே ஒரு ராக் குழு தொடங்கினார். அந்தக் குழுக்களின் பாட்டு ஒன்றையாவது நம் தெருவில் யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. அந்தோணிதாசன் லா பொங்கல் என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தவர், ஷான் ரோல்டனுக்கும் சொந்தக் குழு இருந்தது. ஆனால் ஊருக்கு அவர்களைத் தெரிந்தது சினிமாவுக்கு வந்த பிறகுதான். அவர்கள் போனதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். வீட்டு வாடகை கட்ட வேண்டும் இல்லையா.

ஆனால் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் மைதானத்தில் நான் பார்த்ததை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறிய நாள். டைரக்டர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேர், எல்லோரும் கோட் சூட்டில். சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்னதிலிருந்து வந்த பெயர் அது. மேடையில் எலெக்ட்ரிக் கிட்டார், பக்கத்தில் பறை, சட்டி மேளம். நம் தெருவில் சாவு வீட்டுக்கு வெளியே பாயில் உட்கார்ந்து விடிய விடியப் பாடுவார்களே, அந்தக் கானாவை அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் நான் அன்றுதான் கேட்டேன். ராயபுரத்துப் பெண் இசைவாணி கானா பாடினாள். கானா என்றால் ஆம்பிளை பாடுவது என்றே நானும் நினைத்திருந்தேன். என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று ஒருவர்கூட எந்தப் படம் என்று கேட்கவில்லை பாப்பா. அந்தப் பாட்டு எங்கேயிருந்து வருகிறது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். கவர் வாசியுங்கள். ரிசப்ஷனுக்குப் போங்கள், பிராக்டிஸ் பண்ணுகிற ஜாம் ரூம் வாடகைக்கு அது உதவும். ஆனால் எந்த மேடையானாலும் ரெண்டு பாட்டு உங்களுடையதாக இருக்கட்டும். கூட்டம் கத்தினாலும் கடைசி வரி வரை வாசித்து முடியுங்கள். நான் செய்ததைச் செய்யாதே.

இன்னொன்று, இது கொஞ்சம் கணக்கு வழக்கு. எந்தப் பாட்டுக்கு யார் மெட்டு, யார் வரி, பணம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று நாலு பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுத வேண்டும். 2021-ல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' சினிமாப் பாட்டு இல்லை. அதைக் கேட்காத வீடு இல்லை. மூன்று வருஷம் கழித்து அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து எங்களுக்கு ஒரு பைசா வருமானம் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரியவர்களுக்கே அந்த நிலை. யாராவது ஒப்பந்தம் என்று நீட்டினால் ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதே. பாட்டு எழுதுகிறவர்களுக்கும் இசையமைக்கிறவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிற ஐ.பி.ஆர்.எஸ் 1969-லிருந்து இருக்கிறது. நீயும் வரி எழுதுகிற அந்தப் பையனும் அதில் உறுப்பினராகச் சேருங்கள். வக்கீல் செலவு அப்பா பொறுப்பு.

அப்புறம், ஒவ்வொரு பிராக்டிஸையும் போனிலாவது பதிவு செய்து வை. சத்தம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்த ஷோ தேதி முடிவானதும் சொல். கோவை எக்ஸ்பிரஸில் அம்மாவும் நானும் வருகிறோம். அதற்கு முன்னால் எனக்கு ஒரு சந்தேகம். நீ அனுப்பிய மூன்றாவது பாட்டில், சரணம் முடிந்து உன் பேஸ் கிட்டார் மட்டும் தனியாக வருகிற இடத்தில் தாளம் எட்டா, ஏழா? சாப்பாட்டு மேஜையில் தட்டித் தட்டிப் பார்க்கிறேன், எட்டில் உட்கார மாட்டேன் என்கிறது. ஏழு என்றுதான் தோன்றுகிறது. ராத்திரி போன் பண்ணும்போது சொல்.

அன்புடன்,
அப்பா