பல்கலைக்கழக ஊழியர் சங்கம், வட சென்னைக் கிளை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களே, வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

மே தினத்தன்று பெரம்பூரில் கொடியேற்றினோம். ஆயுத பூஜையும் பொங்கல் விளையாட்டும் வழக்கம்போல் நடந்தன.

இனி போராட்டம். சிக்கனம் என்று சொல்லி நம் பல்கலைக்கழக நிர்வாகம் துப்புரவையும் காவலையும் காண்ட்ராக்டில் விட்டது. ஓய்வு பெற்றவர்களின் இடங்களை நிரப்பவில்லை. இரவுப் பணிப் படியையும் நிறுத்தியது. படியில் கைவைக்க 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி 21 நாள் முன்னறிவிப்பு தந்திருக்க வேண்டும். ஆனால் சம்பளச் சீட்டில் அந்தப் படி காணாமல் போன பிறகுதான் நமக்கே விஷயம் தெரிந்தது.

இவற்றை எதிர்த்து ஒரு நாள் வேலைநிறுத்தத்துக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனேன். நிர்வாகத்தின் தபால் பிரிவில் வாங்க மறுத்தார்கள். மேலே கேட்டுச் சொல்கிறோம் என்று மாலைவரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நகலில் தேதியோடு முத்திரை விழும்வரை நான் நகரவில்லை. இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஒரு நாள் வேலைநிறுத்தத்துக்கு 8 நாள் சம்பளம் பிடிப்போம் என்று பின்னால் சுற்றறிக்கை வந்தது. 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் அப்போது அப்படி ஒரு விதி இருந்ததுதான். ஆனால் அது 10 பேரோ அதற்கு மேலோ கூட்டாக, முன்னறிவிப்பும் தகுந்த காரணமும் இல்லாமல் வராமலிருந்தால் மட்டும். தொழிலாளர் துறைச் சமரச அலுவலர் மேஜையில் முத்திரை நகலை வைத்ததும் அந்தப் பேச்சே அடங்கியது. ஒரு நாள் சம்பளத்தோடு போயிற்று.

பல்கலைக்கழகம் என்ன மில்லா என்றும் கேட்டார்கள். கல்வி நிறுவனமும் தொழில் தகராறுச் சட்டத்தின் 'தொழில்' என்ற வரையறைக்குள் வரும் என்று பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் 1978லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆசிரியர்கள் அந்தச் சட்டத்தில் 'தொழிலாளி' ஆக மாட்டார்கள் என்பது 1988 தீர்ப்பு. அப்படியானால் நம் தகராறில் முன்னால் நிற்க வேண்டியவர்கள் எழுத்தர்களும் ஆய்வக உதவியாளர்களுமான நாம்தான்.

ஆனால் வேலைநிறுத்தத்தன்று வாயிலில் நின்றவர்கள் எத்தனை பேர்? ஆதரவுக் கையெழுத்துப் போட்ட பலர் பின் கேட் வழியாகப் போய் வருகைப் பதிவில் விரல் வைத்தார்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகள் ஃபீஸும் எல்லோருக்கும்தான் இருக்கிறது. 1918இல் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்) மில் தொழிலாளர்களை வைத்து மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்த பெரம்பூர் இது. இங்கே குடியிருந்துகொண்டு நாம் பின் கேட்டைத் தேடுவது எனக்கு வலிக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஷாமியானா, நோட்டீஸ் அச்சு, வக்கீல் கட்டணம் என்று செலவு கூடிவிட்டது. சந்தா பாதிக்கு மேல் நிலுவை. கொஞ்சம் கைமாற்றும் வாங்கியிருக்கிறோம்.

இடம் தந்த திருமண மண்டபத்தாருக்கும், வாயிலில் கடைசிவரை நின்ற காண்ட்ராக்ட் துப்புரவு அம்மாக்களுக்கும் நன்றி. அவர்கள் நம் உறுப்பினர்கள்கூட இல்லை.

இரவுப் படி இன்னும் திரும்பவில்லை. சமரசப் பேச்சு தொடர்கிறது. அடுத்த ஆண்டும் இந்தப் பொறுப்பைத் தந்தால் செய்வேன், ஆனால் ஃபைலோடு தனியாகப் போய் உட்கார இனி முடியாது. அடுத்த அமர்வுக்கு உடன் வருகிறவர்கள் பெயர் தாருங்கள். அப்புறம், ரசீதுப் புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது.