தறிக்குழியில் இறங்கியவன்

குடியாத்தம்

அன்புள்ள முருகா,

உன் கடிதம் சிரசுத் திருவிழாவுக்கு முதல் நாள் கிடைத்தது. சின்னவனுக்குப் பதவி உயர்வு என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வைகாசி முதல் தேதி கூட்டத்தில் நின்றபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். கெங்கையம்மன் சிரசு ஊர்வலமாக வரும்போது நாம் மூன்று பேரும் ஒரே திண்ணையில் ஏறி நிற்போமே. மூன்றாவது ஆளான நம் தறிக்காரனும் அன்றைக்கு வந்திருந்தான். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

உழைத்தவன் தோற்றதில்லை என்று எழுதியிருந்தாய். நம் தறிக்காரன் முன்னுக்கு வராததற்கு அவன் சோம்பல்தான் காரணம் என்றும் ஒரு வரி. அந்த வரி எனக்கு வலித்ததடா.

எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் நம் இருவரையும்விட அவனுக்குத்தான் மார்க் அதிகம். ரிசல்ட் வந்த மாதம் அவன் அப்பா இருமிப் படுத்துவிட்டார். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் ஒரு பக்கம், அவனுக்குக் கீழே நாலு தங்கைகள் ஒரு பக்கம். தறி சும்மா கிடக்கக் கூடாது என்று, தறிக்கடியில் கால் வைத்து மிதிக்கிற குழியில் அவனே இறங்கினான். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். லுங்கிப் பாவில் ஓர் இழை அறுந்தது. மிதியை நிறுத்திக் குனிந்தான். அத்தனை இழைகளுக்கு நடுவே அந்த ஒன்றைத் தேடிப் பிடித்து, விரல் நுனியில் முறுக்கிச் சேர்த்து, மறுபடி ஊடுநூல் நாடாவை ஓட விட்டான். என்னோடு பேசிக்கொண்டேதான் செய்தான். இருட்டும் வரை இதே வேலை. இதற்குப் பெயர் உழைப்பு இல்லையா?

அப்புறம் விசைத்தறி வந்தது, கூலி தேய்ந்தது. 2021 நவம்பரில் கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது குழி நிறையத் தண்ணீர். தறியில் ஏற்றியிருந்த பாவு சேற்றோடு போனது. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் இரவுக் காவல்.

நானும் ராப்பகலாகப் படித்தேன்தான். ஆனால் வேலூரில் ஆபீசில் இருந்த மாமா விண்ணப்பத்தை வாங்கிவந்து கையில் கொடுக்காவிட்டால், அப்படி ஒரு பரீட்சை இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. உங்கள் வீட்டில் ஒன்றாம் தேதியானால் அப்பாவின் சம்பளம் வந்துவிடும். அவனுக்கு மாமாவும் இல்லை, ஒன்றாம் தேதியும் இல்லை.

காமராஜரைச் சொல்லியிருந்தாய். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர் முதலமைச்சரானார், உண்மை. 1954 இடைத்தேர்தலில் நம் குடியாத்தம்தான் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, என்னைப்போல நீங்களும் முட்டி மோதி வாருங்கள் என்றா பிள்ளைகளிடம் சொன்னார்? ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்தார், மதியச் சோறு போட்டார். பசியோடு இருக்கிற பிள்ளையிடம் முயற்சியைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். நாம் மூவரும் தட்டோடு வரிசையில் நின்று சாப்பிட்டது அந்தச் சோறுதானே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவன் பேத்தி பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கித் தேறியிருக்கிறாள். நர்சிங் படிக்க ஆசை. எங்கே விண்ணப்பிப்பது, கவுன்சலிங் எப்படி என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. உன் பெரியவள் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள் அல்லவா? அடுத்த ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு வா. மார்க் ஷீட்டையும் சாதிச் சான்றிதழையும் தயாராக எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்,
பாலு