வால்நட்சத்திரம் பாய்ந்து ஓடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வானத்தைக் கிழித்துக்கொண்டு ஓர் ஒளிக்கோடு ஓடி மறைந்தால் அது எரிகல். வால்நட்சத்திரம் அசையாமல் நிற்பதுபோலத்தான் தெரியும். மற்ற நட்சத்திரங்களோடு சேர்ந்து மெல்லச் சாயும். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வலம்வரும், பாய்ந்து ஓடும் 'வால்நட்சத்திர' காணொளிகள் தவறு என்று அறிய இது ஒன்றே போதும்.

2024 அக்டோபரில் சூச்சின்ஷான்-அட்லஸ் என்ற வால்நட்சத்திரம் அந்தி முடிந்ததும் மேற்கில் தெரிந்தது. அப்படி மேற்கில் தெரிபவற்றுக்குப் பினாங்கின் பத்து பிரிங்கி கடற்கரை சரிவராது. வடக்கு பார்த்த கரை. போதாக்குறைக்கு ஹோட்டல் விளக்குகள். பாலிக் பூலாவ் பக்கத்து மேற்குக் கடலோரம் மேல்.

படம் எடுக்க, முழுச்சட்டக் கேமராவில் (பெரிய, 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) 50 மி.மீ. லென்ஸ் என்றால் 500-ஐ 50-ஆல் வகுத்து, ஷட்டரை 10 விநாடி வரை திறந்து வைக்கலாம். சிறிய சென்சாருக்கு 6. அதற்குமேல் போனால் நட்சத்திரங்கள் கோடாகும். லென்ஸ் துளை எஃப் 2.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 1600, கேமரா திருத்தாத ரா கோப்பு. முக்காலியில் ஏற்றியதும் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். ஃபோகஸுக்கு லென்ஸிலுள்ள முடிவிலிக் குறியை (∞) நம்பாதீர்கள்: பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் ஃபோகஸ் வளையத்தை நிறுத்தி டேப் ஒட்டுங்கள்.

நம் ஊரில் மேகத்துக்கு அடுத்த எதிரி ஈரக்காற்று. ஏர்கோன் காரிலிருந்து எடுத்தவுடன் லென்ஸ் பனிக்கும். துடைத்தாலும் திரும்பப் பனிக்கும். மூடிய பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகே திறக்க வேண்டும்.

நீண்ட லென்ஸில் ஒரு மணி நேரம் எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும்போது நட்சத்திரங்களை வைத்து ஒருமுறை, வால்நட்சத்திரத் தலையை வைத்து ஒருமுறை எனத் தனித்தனியே அடுக்குங்கள். நட்சத்திரங்களுக்கு இடையே தலை மெல்ல இடம் நகர்வதால், ஒரே அடுக்கில் ஏதாவது ஒன்று இழுபட்டுவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பினாங்கு